சேற்றுக்குழியில் எல்க் வேட்டை: வரைபடத்தில் தேடுவதிலிருந்து கறியை மலையிறக்குவது வரை

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், எல்க் என்ற பெரிய மானை வில்லால் வேட்டையாடப் போகிறவர்கள் பலரும் விடியலையும் அந்தியையும்தான் நம்புவார்கள். காலை பத்து மணிக்கு வெயில் ஏறியதும் கூடாரத்துக்குத் திரும்பிப் படுத்துவிடுவார்கள். எல்க்கும் அந்நேரம் அடர்ந்த மரநிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும் என்பது சரிதான். ஆனால் செப்டம்பர் முதல் பாதியில், நல்ல வெயில் நாளில், பெரிய ஆண் எல்க் ஒன்று நடுப்பகலில் எழுந்து தனியாக நடந்துபோகிற இடம் ஒன்று உண்டு. அதுதான் சேற்றுக்குழி. இங்குள்ள வேட்டைக்காரர்கள் 'வாலோ' என்பார்கள்.

அங்கே எப்போது போய் உட்கார வேண்டும், அதைவிட முக்கியமாக எப்போது போகவே கூடாது என்பதைப் பல பருவங்கள் வெறுங்கையோடு இறங்கித்தான் கற்றுக்கொண்டேன். புதிதாக வருகிறவர்களுக்கு அந்த அலைச்சல் கொஞ்சமாவது குறையட்டும் என்றுதான் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

எல்க் ஏன் சேற்றில் புரள்கிறது

எல்க் என்பது கடமானுக்கு உறவான, அதைவிடப் பெரிய மான். ராக்கி மலையின் ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். பெண் 220, 230 கிலோ இருக்கும். ஷானி பழங்குடியினரின் மொழியில் இதற்கு 'வாப்பிட்டி' என்று பெயர். வெள்ளைப் பிட்டம் என்று பொருள். மரங்களுக்கிடையே அது விலகி ஓடும்போது கடைசியாகக் கண்ணில் படுவதும் அந்த வெள்ளைதான். (இலங்கையின் மலைநாட்டில் ஆங்கிலேயர்கள் 'எல்க்' என்று எழுதிவைத்தது மரையை, அதாவது நம் கடமானை. பழைய வேட்டைக் குறிப்புகளைப் படிக்கிறவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

ஆகஸ்டில் பகல்பொழுது குறையக் குறைய ஆணின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் ஏறுகிறது. கொம்பை மூடியிருந்த வெல்வெட் தோல் உரிகிறது, கழுத்து தடிக்கிறது, பிடரிமயிர் கறுக்கிறது. அப்போது அது ஈரமான ஊற்றடியைத் தேடிப்போய் முன்னங்காலால் தோண்டும், கொம்பால் கிளறும், அதிலேயே சிறுநீர் பெய்யும், பிறகு விழுந்து புரளும். உடம்புச்சூடு தணிகிறது, ஈத்தொல்லை குறைகிறது என்பதெல்லாம் உண்டு. ஆனால் முதல் வேலை மணம் பூசிக்கொள்வது. வயிறு, தொண்டை, பிடரி எங்கும் அந்தச் சேற்றை அப்பிக்கொண்டு நடந்தால், 'நான் இங்கே இருக்கிறேன்' என்ற செய்தி பெண் எல்க்குகளுக்கும் போட்டிக்கு வரும் ஆண்களுக்கும் காற்றிலேயே போய்விடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் கடமானும் இதையேதான் செய்கிறது.

இதிலிருந்து வேட்டைக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டியது காலக்கணக்கு. ஆகஸ்ட் கடைசி வாரத்திலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரைதான் சேற்றுக்குழியின் உச்சகாலம். அதற்குப் பிறகு பெரிய ஆண்கள் பெண் கூட்டத்தை விட்டு நகராது. இளம் ஆண்கள் வரும், ஆனால் எப்போது வரும் என்று நம்பி உட்கார முடியாது.

முதலில் உரிமம்

கொலராடோவில் வில்வேட்டைப் பருவம் செப்டம்பர் 2 முதல் 30 வரை. 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்த சான்று இல்லாமல் உரிமம் வாங்க முடியாது. மாநிலத்தில் தொடர்ந்து ஆறு மாதம் வசித்திருந்தால்தான் உள்ளூர்க்காரர் கட்டணம். 2025 முதல், மேற்குப் பகுதியில் வெளிமாநிலத்தவருக்கான வில்வேட்டை உரிமம் குலுக்கலுக்குப் போய்விட்டது. விண்ணப்பம் ஏப்ரல் தொடக்கத்தில் முடிந்துவிடும். ஆகஸ்டில் நினைவு வந்து பயனில்லை.

வில்லின் இழுவிசை 35 பவுண்டுக்குக் குறையக் கூடாது. அம்புமுனை குறைந்தது முக்கால் அங்குலத்துக்கும் சற்று மேல், அதாவது 7/8 அங்குல அகலம் இருக்க வேண்டும். பல அலகுகளில் (மாநிலம் பிரித்துவைத்திருக்கும் வேட்டைப் பகுதிகள்) ஆண் எல்க்கின் ஒரு பக்கக் கொம்பில் நான்கு கிளையாவது இருக்க வேண்டும், அல்லது நெற்றிக்கிளை ஐந்து அங்குலமாவது இருக்க வேண்டும். சேறு அப்பிய கொம்பில் கிளை எண்ணுவது கடினம். தொலைநோக்கியில் நிதானமாக எண்ணிவிட்டுத்தான் வில்லில் கை வைக்க வேண்டும். உப்போ தீனியோ வைத்து ஈர்ப்பது குற்றம். தானியங்கிக் கேமராக்களுக்கு மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. அரிசோனாவில் 2022 முதல் வேட்டைக்கு அவற்றைப் பயன்படுத்தவே தடை. கொலராடோவிலும் கட்டுப்பாடு உண்டு. அந்தந்த ஆண்டின் விதிப்புத்தகத்தை முழுதாகப் படியுங்கள்.

வரைபடத்தில் தேடுவது

ஜூன், ஜூலை மாதங்களிலேயே வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது. கூகுள் எர்த்தையும் சமவுயரக் கோடுகள் போட்ட வரைபடத்தையும் பக்கம் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான் முதலில் பார்ப்பது வடக்கு, வடகிழக்கு நோக்கிய சரிவுகளை. வெயில் குறைவாக விழுவதால் அங்கே ஈரம் நிற்கும், ஸ்ப்ரூஸ், ஃபிர் என்ற ஊசியிலை மரங்கள் அடர்ந்து வளரும், எல்க்கும் அங்கேதான் பகலில் படுக்கும். பிறகு அந்தச் சரிவில் கோடுகள் சட்டென்று விலகி நிற்கும் இடங்களைக் குறிப்பேன். செங்குத்தான மலையில் ஒரு திண்ணை போட்டதுபோல் சமமாக இருக்கும் திட்டுகள் அவை. மேலிருந்து கசியும் நீர் அங்கே வந்து தேங்கும். ஓடைகள் பிறக்கும் உச்சித்தலைகளையும் விடக் கூடாது. வரைபடத்தில் நீலக்கோடு எங்கே தொடங்குகிறதோ, அதற்குச் சற்று மேலே ஊற்றுக்கண் இருக்கும். தென்மேற்குக் கொலராடோவின் சான் ஹுவான் மலைகளில் எனக்குக் கிடைத்த நல்ல குழிகள் எல்லாம் 9,500 முதல் 11,000 அடி உயரத்துக்குள்தான்.

செயற்கைக்கோள் படத்தில் கரும்பச்சைக் காட்டுக்கு நடுவே வெளிர்பச்சையாக ஒரு சின்ன வட்டம் தெரியும். அது கோரைப்புல் வளர்ந்த ஊற்றடி. பெரிய புல்வெளிகளை விடுங்கள். எனக்கு வேண்டியது நான்கு கார் நிறுத்துமளவு சின்ன இடைவெளி. பெரிய ஆண் நடுப்பகலில் திறந்தவெளிக்கு வராது. சாலையிலிருந்து ஒன்றரை மைலாவது தள்ளி இருக்கட்டும். ஒரு பள்ளத்தாக்கில் இப்படி ஏழெட்டு இடங்கள் குறித்தால் இரண்டு தேறும்.

உயிருள்ள குழியா, செத்த குழியா

ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒருமுறை நடந்து பார்த்துவிட வேண்டும். என் முதல் பருவத்தில் ஒரு குழியில் மூன்று பகல் முழுக்க உட்கார்ந்தேன். அழகான இடம், சுற்றிலும் எல்க் தடம், நடுவே கண்ணாடி போலத் தண்ணீர். மூன்று நாளும் ஒரு அணில் தவிர எதுவும் வரவில்லை. அந்தக் கண்ணாடித் தண்ணீரே எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

புரண்ட குழியின் தண்ணீர் பால் கலந்த காப்பி போல இருக்கும். சில மணி நேரத்துக்குள் புரண்டிருந்தால் கலங்கல் இன்னும் சுழன்றுகொண்டிருக்கும். அரைநாள் போனால் மேலே ஒரு விரற்கடை தெளிந்திருக்கும். முழுத்தெளிவாக இருந்து, அடியில் படிந்த வண்டலில் ஒரு குளம்படிகூட இல்லையென்றால் அது போன ஆண்டின் குழி. விட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள்.

அடுத்து விளிம்பில் குனிந்து பாருங்கள். புல்தாளில் தெறித்த சேறு ஈரமாக இருக்கிறதா, காய்ந்து வெடித்து உதிர்கிறதா? சேற்றில் பழுப்பு மயிர் ஒட்டியிருக்கிறதா? ஓரத்தில் கொம்பு கீறிய கோடுகள் கலப்பை போனதுபோல் இருக்கும். பக்கத்து இளமரங்களின் பட்டை கொம்பில் உரசி உரிந்து, பால் ஒழுகிக்கொண்டிருக்கும். குழியிலிருந்து வெளியேறும் தடத்தில் இரண்டு பக்கமும் மரத்தண்டுகளில் இடுப்புயரத்துக்குச் சேறு பூசியிருந்தால், அது எந்தப் பக்கம் படுக்கப் போகிறது என்பதும் தெரிந்துவிடும். வாசனையை மறக்கவே முடியாது. மாட்டுத்தொழுவத்து மூத்திர நெடியோடு கிடாவாடை கலந்தது போன்ற வீச்சம். இருபது அடிக்கு முன்பே மூக்கில் ஏறினால் நல்ல அறிகுறி.

ஒரு எச்சரிக்கை. இங்கே தேசியக் காடுகளில் கோடையில் மாடு மேய்ப்பார்கள். மாடும் ஊற்றை மிதித்துக் கலக்கும். மாட்டுக்குளம்பு அகன்று உருண்டிருக்கும், எல்க் குளம்பு நான்கு அங்குல அளவில் சற்று நீண்டிருக்கும். சந்தேகம் வந்தால் சாணத்தைப் பாருங்கள். மாட்டுச்சாணம் வட்டமாகப் படிந்திருக்கும். எல்க் போடுவது புழுக்கை, பச்சைப்புல் காலத்தில் கட்டியாக ஒட்டியிருக்கும்.

பார்த்தது போதும் என்றதும் கிளம்புங்கள். அங்கே உட்கார்ந்து சாப்பிடாதீர்கள், சிறுநீர் கழிக்காதீர்கள். பருவம் தொடங்கும்வரை திரும்பிப் போகாதீர்கள். குழியைக் கெடுப்பதில் பாதி, 'இன்னும் ஒருமுறை பார்த்துவிட்டு வருவோம்' என்ற ஆசைதான்.

காற்று

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

எல்க்கின் கண்ணை ஏமாற்றலாம், காதையும் ஓரளவு ஏமாற்றலாம். மூக்கை முடியாது. மணமில்லாச் சோப்பு, சிறப்பு உடை எதையும் நான் நம்புவதில்லை. மலையில் காற்று எப்படி நடக்கிறது என்பது மட்டும் தெரிய வேண்டும்.

இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் கீழே இறங்கும். விடிந்த பிறகும் வெயில் படும்வரை இறங்கிக்கொண்டே இருக்கும். ஒன்பது, பத்து மணிக்கு மண் சூடேறியதும் ஒரு தயக்கம் வரும். கொஞ்ச நேரம் எந்தப் பக்கமும் இல்லாமல் சுழலும், பிறகு மேலே ஏறத் தொடங்கும். வடக்குச் சரிவில் இந்த மாற்றம் இன்னும் தாமதமாகும். பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை ஏறுகாற்று ஓரளவு நிலையாக இருக்கும். நாலு, ஐந்து மணிக்கு நிழல் விழுந்ததும் மறுபடி இறங்கும். சேற்றுக்குழிகள் பள்ளத்தில் இருப்பதால், மாலையில் இறங்கும் காற்று அங்கே வந்து குளம்போலத் தேங்கிச் சுழலும். ஆண் எல்க் மாலையிலும் புரள வரும்தான். ஆனால் காற்றை நம்பி உட்காரக்கூடிய நேரம் நடுப்பகல். நான் அதை விடாமல் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் இதுவே.

இதில் ஒரு பொறி இருக்கிறது. காற்று மேலேறுகிறது, எனவே குழிக்கு நேர் மேலே உட்கார்ந்தால் என் வாடை குழிக்குப் போகாது என்று கணக்குப் போட்டு ஒருமுறை அப்படியே உட்கார்ந்தேன். பன்னிரண்டரைக்கு எனக்குப் பின்னால், மேல்சரிவில், ஒரு சுள்ளி முறிந்தது. அடுத்த நொடி நாய் குரைப்பதுபோல் ஒரே ஒரு குரைப்பு. பிறகு மரங்கள் உடைய ஓடும் சத்தம். மேல்திட்டில் படுத்திருந்த ஆண், ஏறுகாற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு குழிக்கு இறங்கி வந்திருக்கிறது. நடுவில் நான். என் வாடை முழுக்க அதன் மூக்கில்.

ஆகவே படுக்கும் திட்டுக்கும் குழிக்கும் இடையில் உட்காராதீர்கள். குழிக்குப் பக்கவாட்டில், சற்றே மேலாக, உங்கள் வாடை ஏறிப்போகும் வழியில் பாறைச்சரிவோ வெட்டவெளியோ இருக்கும்படி இடம் பாருங்கள். எல்க் வராத பக்கம் எதுவோ, அதற்கு உங்கள் வாடையைக் கொடுத்துவிடுங்கள். இதற்கு மில்க்வீட் செடியின் பஞ்சு ஒரு பை நிறைய வைத்திருக்கிறேன். எருக்கின் உறவுதான், எருக்கம்பஞ்சு போலவே மிதக்கும். பவுடர் தூவினால் கைக்கெட்டும் தூரத்துக் காற்றுதான் தெரியும். பஞ்சு நாற்பது கெஜம் போய், அங்கே எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதையும் காட்டும். மேகம் ஒன்று வெயிலை மறைத்தால் ஐந்து நிமிடத்தில் காற்று திரும்பிவிடலாம். பஞ்சு இரண்டு தடவை குழிப்பக்கம் போனால் எழுந்து வந்துவிடுங்கள். நாளை உட்கார ஒரு குழி மிஞ்சும்.

உட்காருவது

குழியிலிருந்து 20 முதல் 30 கெஜம். அதற்கும் நெருங்கினால் வில்லை இழுக்கும் அசைவே காட்டிக்கொடுக்கும். பரண் கட்டினால் காற்றுக்கு நல்லது, ஆனால் ஒன்றரை மைல் மலையேற்றத்தில் பரணைச் சுமப்பதும் சத்தமில்லாமல் கட்டுவதும் எளிதல்ல. மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது, ஏறும்போதும் இருக்கும்போதும் பாதுகாப்புப் பட்டை கட்டாயம். எனக்குப் பிடித்தது வேரோடு சாய்ந்து கிடக்கும் ஸ்ப்ரூஸ் மரத்தின் வேர்ப்பந்து. முதுகுக்குப் பின்னால் அது இருந்தால் உருவம் தெரியாது, நிழலும் உண்டு. வெட்ட வேண்டியதில்லை, உலர்ந்த இரண்டு மூன்று கிளைகளை முன்னால் சாய்த்தால் போதும்.

பத்தரை, பதினொன்றுக்குள், காற்று ஏறத் தொடங்கிய பிறகு உள்ளே போங்கள். விடியலில் போனால் இறங்குகாற்று உங்கள் வாடையைப் பள்ளம் முழுக்கப் பரப்பிவிடும். தூரமானியில் ஐந்தாறு மரங்களுக்குத் தூரம் அளந்து மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், வந்த பிறகு அளக்க நேரமிருக்காது. ஒரே குழியில் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் உட்காராதீர்கள். இரண்டு மூன்று குழிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். வெயில் சுட்டெரிக்கும் வறண்ட நாள் மிக நல்லது. இரண்டு நாள் மழை பெய்து எங்கும் ஈரமானால் குழியை விட்டு வேறு வழி பாருங்கள்.

மணிக்கு ஒருமுறை பெண் எல்க்கின் மென்மையான கூப்பிடு ஒலியை ஊதலாம். அதற்கு மேல் வேண்டாம். இது காத்திருக்கும் வேட்டை.

வருவது எப்படி இருக்கும் என்று கேட்பார்கள். பெரும்பாலும் சத்தமே இருக்காது. ஒரு செப்டம்பர் 9 அன்று, ஒன்றேகால் மணி, முதலில் நான் பார்த்தது ஒரு கால். ஆஸ்பென் தண்டுகளுக்கிடையே ஐந்தாவது தண்டாக நின்ற அது அசைந்தது. பத்து நிமிடம் அங்கேயே நின்று மோந்துகொண்டிருந்தது. பிறகு குழிக்குள் இறங்கி, முன்னங்காலால் 'சளக், சளக்' என்று அடித்தது. சேறு என் பக்கத்துக் கிளைவரை தெறித்தது. தலையைத் தாழ்த்திக் கொம்பால் ஒரு கொத்துக் கோரையைப் பெயர்த்தெடுத்தது. அது நெற்றியில் தொங்கியபடியே மண்டியிட்டு விழுந்து புரண்டது. அப்போது வந்த முனகல், வெயிலில் நடந்துவந்த மனுசன் கிணற்றுத் தண்ணீரை உடம்பில் ஊற்றிக்கொள்ளும்போது விடுவது போலவே இருந்தது.

அம்பு

படுத்திருக்கும்போது எய்யக் கூடாது. எலும்பும் உறுப்பும் எங்கே இருக்கின்றன என்று தெரியாது. எழுந்து நிற்கும், உதறும், உதறி முடித்ததும் ஓரிரு நொடி அசையாமல் நிற்கும். அதுதான் உங்கள் நேரம். வில்லை முன்பே, அது தலையைத் தாழ்த்தியிருக்கும்போது இழுத்துவிட வேண்டும்.

முழுப்பக்கம் காட்டி நிற்க வேண்டும், அல்லது பின்பக்கம் சற்றே நம்மை நோக்கி, தலை அப்பால் திரும்பியிருக்க வேண்டும். முன்னங்கால் தசை முடியும் கோட்டுக்கு ஒட்டிப் பின்னால், நெஞ்சின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. இரண்டு நுரையீரலையும் அம்பு கடக்க வேண்டும். நேர்முகமாக நின்றால் விட்டுவிடுங்கள். எனக்கு 30 கெஜத்துக்கு மேல் எய்ய மனம் வராது, பயிற்சியில் 60 கெஜத்தில் அடித்தாலும்.

எய்ததும் அம்பு எங்கே பட்டது, எந்த மரத்தைத் தாண்டி ஓடியது என்று மனதில் பதித்துக்கொள்ளுங்கள். எழாதீர்கள். நுரையீரல் என்றால் இரத்தம் இளஞ்சிவப்பாக நுரைத்திருக்கும், அப்போதும் அரைமணி முதல் ஒருமணி நேரம் காத்திருங்கள். அடர்சிவப்பு என்றால் ஈரல்: நான்கிலிருந்து ஆறு மணி நேரம். அம்பில் பச்சையும் நாற்றமும் இருந்தால் குடல்: எட்டு, பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் தொடர வேண்டும். சீக்கிரம் போய்க் கிளப்பிவிட்டால் மைல்கணக்கில் போய்விடும்.

சேற்றுக்குழியில் மட்டும் வரும் ஒரு சிக்கல் உண்டு. ஈரச்சேறு காயத்தை அடைத்துக்கொள்ளும், முதல் ஐம்பது கெஜத்தில் சொட்டு இரத்தமும் தெரியாமல் போகலாம். பட்டதே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். இரத்தத்துக்குப் பதில் சேற்றைத் தொடருங்கள்: இலையில், தண்டில், கல்லில் ஈரமாக ஒட்டிய புதுச்சேறு. அதுவே வழி காட்டும்.

கறியை இறக்குவது

விழுந்த நிமிடத்திலிருந்து வெப்பம்தான் எதிரி. செப்டம்பர் பகலில் 25 டிகிரி இருக்கும். உரிமச்சீட்டை முதலில் கிழித்து நிரப்புங்கள். சேறு அப்பிய தோலில் கத்தி உடனே மழுங்கும், மாற்றுக் கத்தி வேண்டும். வெட்டும் கோட்டில் சேற்றைத் தண்ணீர் விட்டுத் துடைத்துவிட்டு, தோலுக்குள்ளிருந்து வெளிப்பக்கமாக அறுங்கள். கறியில் மண் ஏறாது.

வயிற்றைத் திறக்காமலே இரண்டு முன்சப்பை, இரண்டு பின்தொடை, முதுகுக்கறி, கழுத்துக்கறி, உள்ளிடுப்புக் கறி எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். உண்ணத்தக்க கறியை விட்டுவிட்டு வருவது சட்டப்படிக் குற்றம். பாலினத்தைக் காட்டும் உறுப்பு ஒரு துண்டோடு இயற்கையாகவே ஒட்டியிருக்க வேண்டும். பின்தொடையின் இடுப்பெலும்பு மூட்டைச் சுற்றித்தான் முதலில் கெடும், அங்கே எலும்புவரை கீறித் திறந்துவிடுங்கள். காற்றுப்புகும் துணிப்பையில் போட்டு நிழலில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பை கூடவே கூடாது. கருங்கரடி வரும் என்பதால் கறியைக் குடல் கிடக்கும் இடத்திலிருந்து நூறு கெஜமாவது தள்ளி, தூரத்திலேயே தெரியும்படி தொங்கவிடுங்கள்.

எலும்பு நீக்கினால் 90 முதல் 110 கிலோ கறி. ஒருவருக்கு நான்கைந்து நடை. தனியாகப் போகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் எவ்வளவு தூரம் உள்ளே போவது என்று முடிவு செய்ய வேண்டும். 10,000 அடி உயரத்தில் 30 கிலோ சுமையோடு இறங்குவது முழங்காலின் வேலை, ஊன்றுகோல் இரண்டு எடுத்துச் செல்லுங்கள்.

கடைசியாக, தலையைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மான்களின் மூளையைத் தின்னும் நாட்பட்ட நலிவுநோய் 1967-இல் முதன்முதல் கண்டறியப்பட்டது இதே கொலராடோவில், ஃபோர்ட் காலின்ஸில். நோயுள்ள விலங்கின் கறியை உண்ண வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் அறிவுரை. முடிவு வரும்வரை பொட்டலங்களில் விலங்கின் எண் எழுதி உறைபெட்டியில் வைத்திருங்கள். நோயில்லை என்று செய்தி வந்ததும் எங்கள் வீட்டில் முதலில் எடுப்பது கழுத்துக்கறி. கொழுப்பே இல்லாத கறி என்பதால் நல்லெண்ணெய் தாராளமாக, மிளகு, சின்ன வெங்காயம், குக்கரில் ஏழு விசில்.